வியாழக்கிழமைக் கதையின் மறுபாதி

மாடம்பாக்கம்
8.2.1988

அன்புள்ள அமலா,

நேற்று உன்னிடம் நான் சொல்லாதது இது: வியாழக்கிழமை நான் தூங்கிப்போகவில்லை. தொடரைக் கடைசிவரை பார்த்தேன். கொலை செய்தது யார் என்று எனக்குத் தெரியும்.

வார்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, "சீக்கிரம் சொல்லுடி, உள்ள எல்லாரும் எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க" என்றாய். நான் பையிலிருந்த கொய்யாப்பழங்களை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டு, "அசந்து தூங்கிட்டேன்" என்றேன். நீ நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, கொய்யாப்பழம் காயாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாய்.

நவம்பரிலிருந்து நமக்குள் இருக்கும் ஏற்பாட்டை முதல்முறையாக உடைத்தவள் நான்தான். எட்டரைக்குத் தொடர் ஆரம்பிக்கும். உங்கள் ஹாலில் சிஸ்டர் ஒன்பது மணிக்கு டிவியை அணைத்துவிட்டு எல்லாரையும் கட்டிலுக்கு அனுப்பிவிடுவார். முதல் பாதி உனக்கு, மறுபாதி எனக்கு. நான் பார்த்ததை எழுதி வெள்ளிக்கிழமை காலையில் தம்பி ஐசக்கிடம் கொடுத்தால், அவன் லேபுக்குப் போகும் வழியில் உன்னிடம் சேர்த்துவிடுவான். அக்காவின் கடிதத்தைச் சுமப்பதற்கு அவன் அலுத்துக்கொள்வதெல்லாம் பாசாங்கு. கொலையாளி யார் என்று அவனுக்கும் தெரிந்தாக வேண்டும்.

ஆனால் இந்த வாரத்துக் கதையை எழுத எனக்குக் கை வரவில்லை. இதுவரை லண்டனில் செத்தார்கள், கப்பலில் செத்தார்கள். நானும் எழுதினேன், நீயும் சிரித்தாய். இந்த முறை சுவிட்சர்லாந்தில், பனிமலை மேல், உன்னுடையதைப்போலவே ஒரு டி.பி. சானடோரியத்தில், ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள். அதனால்தான் என்று வைத்துக்கொள். அடுத்த வியாழக்கிழமை வேறு ஊர், வேறு பிணம். அதை ஒரு வரி விடாமல் எழுதுகிறேன்.

கோபித்துக்கொள்ளாதே.

ஜோதி


சானடோரியம்
9.2.88

ஏ ஜோதி,

உன் கடிதத்தை வழக்கம்போல சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். அது தப்பாகிவிட்டது. தூங்கிவிட்டாய் என்றே இருந்திருந்தால் உன்னை நாலு திட்டு திட்டிவிட்டு விட்டிருப்பார்கள். இப்போது வார்டே கொதிக்கிறது.

"இன்னா டீச்சரம்மா, உன் பிரண்டு இப்டி பேஜார் பண்ணுது?" என்கிறார் கங்கையம்மாள். "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லணும். தெரியும், ஆனா சொல்லமாட்டேன்னா, வயித்த வலிக்காதா அதுக்கு?"

கங்கையம்மாளை உனக்குத் தெரியும், வண்டலூரில் சித்தாள் வேலை பார்த்தவர். டெலிபோன் ஆபீஸ் ரத்தினபாய் அக்கா, எங்களுக்கு இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்பவர், இன்னும் மோசம். மற்ற பேஷண்டுகளைக் கூட்டி வைத்து, கொலைகாரன் யார் என்று ஓட்டு எடுத்திருக்கிறார். அவர் கட்சி டாக்டர். "சார்ட்ல எழுதும்போது அந்தாளு கை நடுங்கிச்சு, நான் பார்த்தேன்." கங்கையம்மாள் கட்சி பக்கத்துக் கட்டில்காரி. செத்தவளுக்கு வராந்தாவில் நல்ல இடம், மலை தெரிகிற இடம். அதற்காகக் கொன்றுவிட்டாளாம். நீ சிரிப்பாய். இங்கே ஜன்னலோரக் கட்டிலுக்கு நடக்கிற சண்டையைப் பார்த்த யாரும் சிரிக்கவில்லை. என் கட்சி நர்ஸ். காரணம் ஒன்றும் கிடையாது, மூஞ்சி பிடிக்கவில்லை.

அந்த இன்ஸ்பெக்டர் கதை முழுக்கத் தும்மிக்கொண்டே வந்தானே, அவனைப் பார்த்துக் கங்கையம்மாள், "முதல்ல இவனுக்கு சளி டெஸ்ட் எடுக்கச் சொல்லு, அப்பால கொலைகாரனப் புடிக்கலாம்" என்றார். சிஸ்டரே சிரித்துவிட்டார். ஆனாலும் ஒன்பது மணிக்கு அணைத்துவிட்டார்.

செத்தவளுடைய வீட்டுக்காரனுக்கு மட்டும் ஒரு ஓட்டும் விழவில்லை. வாரா வாரம் ரயிலேறி, பனியில் நடந்து, கை நிறையப் பூவோடு வருகிற மனுஷன். அவன் அவள் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டபோது வார்டே உருகிவிட்டது.

சரி, இன்னொரு விஷயம். சனிக்கிழமை நான் என் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகப்போகிறேன். இரண்டு சளி டெஸ்ட் சுத்தமாக வந்துவிட்டது. மூன்றாவது டெஸ்ட் இந்த மாதக்கடைசியில். அதுவரை இருக்கத்தான் வேண்டும் என்கிறார் டாக்டர். எடை ஏறிவிட்டது, இருமல் இல்லை, மாடிப்படி ஏறினால் இரைக்கவில்லை. என் வீட்டுக்காரர் கிறிஸ்துமஸுக்கு வந்தது, அப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. கடிதம் போட்டால் "நலம், வேலை அதிகம்" என்று ஒரு கார்டு வருகிறது. தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை? பல்லாவரம் ஒன்றும் சுவிட்சர்லாந்து இல்லை, இரண்டாவது ஸ்டேஷன்.

எனக்கு என் வீட்டைப் பார்க்கவேண்டும் ஜோதி. அவ்வளவுதான்.

கொலைகாரன் பெயரை ஐசக்கிடம் சொல்லி அனுப்பு.

அமலா


மாடம்பாக்கம்
10.2.1988

அன்புள்ள அமலா,

கையெழுத்துப் போடாதே. இதைக் கடிதத்தின் முதல் வரியாக எழுத வேண்டும் என்று காட்டாங்குளத்தூரிலிருந்து ரயிலில் வரும்போதே முடிவு செய்தேன். இன்று லைப்ரரியில் ஒரு புத்தகத்துக்குக்கூட ஒழுங்காக எண் போடவில்லை.

பாதியில் வீட்டுக்குப் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று எனக்கு எழுதியவள் நீதான். கங்கையம்மாளுக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை மூன்று மாதத்தில் சரியாகிவிட்டது என்று கலவை சுமக்கப் போய்விட்டார். அவரையே கேள். இன்னும் இரண்டு வாரம்தான். உன் பள்ளிக்கூடம் ஜூனில்தான் உன்னை எதிர்பார்க்கிறது. வீடு எங்கே ஓடிவிடப்போகிறது?

கதை வேண்டும் என்கிறாய். கொலையாளியைத் தவிர மற்றதெல்லாம் சொல்கிறேன். உங்கள் டிவி அணைந்த பிறகு பத்து நிமிடத்துக்கு வெறும் பனிதான். அந்தப் பெண்களைக் கட்டிலோடு வராந்தாவில் வரிசையாகப் படுக்க வைத்திருக்கிறார்கள், ரோமப் போர்வைக்குள் மூக்கு மட்டும் வெளியே. குளிர்காற்றுதான் மருந்தாம். ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, மாத்திரை கண்டுபிடிக்காத காலம். அவர்களுக்கு இருந்ததெல்லாம் காற்றும் காத்திருப்பும்தான். உனக்குத் தினமும் ஒரு கைப்பிடி மாத்திரை இருக்கிறது, அதுவும் வேலை செய்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு அந்த மலையைவிடத் தாம்பரம் எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

மூன்று வேளையும் பால் கொடுக்கிறார்கள். ஆடை மிதக்கிறது. உனக்குப் பிடிக்காது.

சனிக்கிழமை வேண்டாம். நான் சொல்வதை ஒரு தடவையாவது கேள்.

ஜோதி


சானடோரியம்
11.2.88

ஜோதி,

இந்தக் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

வீட்டுக்காரன்தான், இல்லையா?

டாக்டராக இருந்தால் சொல்லியிருப்பாய். நர்ஸாக இருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பாய். பக்கத்துக் கட்டில்காரியாக இருந்தால் கங்கையம்மாளுக்கு ஜே போட்டிருப்பாய். எனக்குச் சொல்லக்கூடாத ஆள் அந்தக் கதையில் ஒருத்தன்தான் இருக்கிறான்.

இவ்வளவு தூரம் யோசித்த பிறகு அடுத்ததையும் யோசித்துவிட்டேன். டிவியில் ஒரு வெள்ளைக்காரன் பெண்டாட்டியைக் கொன்றால் அதை என்னிடம் சொல்வதற்கு நீ ஏன் பயப்படவேண்டும்? நீ கதைக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. எட்டாம் வகுப்பிலேயே பிணவறைக் கதை படித்துக்கொண்டு சோறு சாப்பிட்டவள். உனக்கு அவரைப் பற்றி ஏதோ தெரியும். போன மாதம் என் கம்பளிச் சட்டையை எடுக்கப் பல்லாவரத்துக்குப் போனாய். "வீடு எங்கே ஓடிவிடப்போகிறது" என்று வேறு எழுதுகிறாய். அந்த வரியை நீ இரண்டு தடவை அடித்து எழுதியிருக்கிறாய்.

சொல். சொல்லாவிட்டால் சனிக்கிழமை வரை காத்திருக்கமாட்டேன், நாளைக்கே போய் என் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன்.

அமலராணி


மாடம்பாக்கம்
12.2.1988, வெள்ளி காலை

அமலா,

ஐசக் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறான். எல்லாவற்றையும் எழுதிவிட்டுத்தான் அனுப்புவேன். அவன் லேபுக்குத் தாமதமாகப் போகட்டும்.

வீட்டுக்காரன்தான். அந்தச் சானடோரியத்தில் சாயங்காலமானால் அறைகளிலிருந்து பூக்களை எடுத்துவிடுவது வழக்கம். விடிந்ததும் அவள் படுக்கையில் வாடாத ஒரு பூ கிடக்கிறது. பார்வையாளர்கள் போன பிறகு யாரோ திரும்பி வந்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் தும்மிக்கொண்டே அதைக் கண்டுபிடிக்கிறான். வீட்டுக்காரன் தூக்க மருந்து கொடுத்துவிட்டு, அவளுடைய போர்வையை எடுத்துப்போய்விட்டான். மீதியைக் குளிர் பார்த்துக்கொண்டது. ஏன் என்று கேட்டபோது அவன் சொன்னதைத்தான் என்னால் எழுத முடியவில்லை. அவளுக்குக் குணமாகிவிட்டது. அடுத்த வாரம் வீட்டுக்கு வருவதாக இருந்தாள். அவள் இல்லாத வீடு அவனுக்குப் பழகிவிட்டது.

இனி நம் ஊர்.

நீ கேட்ட நீலக் கம்பளிச் சட்டையை வாங்கிவர ஜனவரிக் கடைசியில் உன் வீட்டுக்குப் போனேன். வீட்டுக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். உங்கள் அறையில் உன் மாமியார் படுத்துக்கொள்கிறார். உன் மெத்தையைப் பிரித்துப் பஞ்சைக் கொளுத்திவிட்டார்களாம். உன் தட்டு, டம்ளர், டிரங்குப் பெட்டி எல்லாம் பின்னால் விறகுக் கொட்டகையில் இருந்தன. சட்டையை அங்கிருந்துதான் எடுத்தேன். உன்னிடம் தருவதற்கு முன் இரண்டு தடவை துவைத்தேன், கரையான் மண் வாசனை போகவேண்டும் என்று.

உன் மாமியார் சண்டை போடவில்லை. எனக்குக் காப்பி கொடுத்தார். "நான் கெட்டவ இல்ல கண்ணு. அவ நல்லாத் தேறட்டும். ஆம்பூர்ல அவ அண்ணன் இருக்காரு இல்ல, அங்க போயி ரெண்டு மூணு வருஷம் இருக்கட்டும். அப்பறம் பார்த்துக்கலாம். எனக்கு இருக்கறது ஒரே பிள்ளை" என்றார். அழுதார். அது நடிப்பு இல்லை. பயம்.

உன் வீட்டுக்காரர், தேவானந்தம் அண்ணன், ஆபீஸ் பையைக் கீழே வைக்காமலே நின்றுகொண்டிருந்தார். என்னை பஸ் ஸ்டாப் வரை கொண்டுவந்து விட்டார்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க. நான் அம்மாகிட்ட பேசிப் பார்க்கறேன்" என்றார்.

"எப்பண்ணா?"

"பஸ் வந்துடுச்சு" என்றார்.

உண்மையிலேயே வந்துவிட்டிருந்தது. ஏறிவிட்டேன்.

இது தெரிந்தால் நீ மருந்தைப் பாதியில் விட்டுவிட்டு, அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாய் என்று பயந்தேன். அதனால்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது எழுதியாகிவிட்டது. நீ என்ன செய்தாலும் சரி, முதலில் ஐசக்கிடம் ஒரு வரி எழுதிக் கொடு.

ஜோதி


சானடோரியம்
13.2.88, சனி

ஜோதி,

நேற்று சாப்பிடவில்லை. சிஸ்டர் வந்து காய்ச்சல் பார்த்தார். காய்ச்சல் இல்லை. வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டு அந்த வெள்ளையடித்த சுவரையே நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிதில் நான்தான் வெள்ளையடிக்கச் சொல்லிக் கேட்டேன். கையில் காசில்லை என்றார்கள்.

சாயங்காலம் கங்கையம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அந்தக் கொலை பண்ணவன் பேராச்சும் வந்துச்சா?" என்றார்.

உன் கடிதத்தின் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய் எல்லாருக்கும் படித்தேன். பூ, போர்வை, அவன் சொன்ன காரணம், எல்லாம். படித்து முடித்ததும் எல்லாரும் அழப்போகிறார்கள் என்று நினைத்தேன். இங்கே இருக்கிற பாதிப்பேருக்கு வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை.

கங்கையம்மாள்தான் ஆரம்பித்தார். "பூ கொண்டாந்தான், பூ கொண்டாந்தான்னு அல்லாரும் உருகினீங்களே! என் வூட்டுக்காரன் ஒரு மொழம் கதம்பம் வாங்கியாந்தது கெடையாது. அதான் நான் இன்னும் உசுரோட கீறேன்!"

அவ்வளவுதான். ரத்தினபாய் அக்கா சிரித்துச் சிரித்துக் கட்டிலில் சாய்ந்துவிட்டார். "எங்க வீட்டுல வாரா வாரம் வர்றாரும்மா, ஆனா பூ இல்ல, பிஸ்கட்டு. பாக்கெட்ட பிரிச்சுப் பார்த்துட்டுத்தான் இனி தின்னணும்!" ஒவ்வொருத்தராக ஆரம்பித்துவிட்டார்கள். புருஷன் வராதவர்கள் எல்லாம் ஒரே நாளில் பாக்கியவதிகள் ஆகிவிட்டார்கள். நானும் சொன்னேன், கிறிஸ்துமஸிலிருந்து எட்டிப் பார்க்காத என் வீட்டுக்காரரைப்போல உத்தமர் பல்லாவரத்திலேயே கிடையாது என்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்புதான். கொஞ்சம் மற்றதும்.

பிறகு படுத்துக்கொண்டு நிதானமாக யோசித்தேன். நான் வீட்டுக்கு ஓட நினைத்தது என் இடம் போய்விடுமோ என்ற பயத்தில். போய்விட்டது என்று தெரிந்த பிறகு எதற்கு ஓடவேண்டும்? ஒரு விறகுக் கொட்டகைக்காக மூன்றாவது டெஸ்டை விடுவேனா? இங்கேயே இருக்கிறேன். டாக்டர் போகச் சொல்கிற அன்றைக்குப் போகிறேன்.

ஆம்பூருக்குப் போகமாட்டேன். அண்ணி நல்லவர், ஆனால் எனக்கு வேலை இங்கே. உன் வீட்டுக்குப் பின்னால் ஏசுதாசன் சாருடைய போர்ஷன் காலி என்று டிசம்பரில் எழுதினாய். அது இன்னும் காலியா? நோயை மறைக்காமல் சொல்லிக் கேள். மறைத்துக் குடிபோனால் தினமும் பயந்துகொண்டு இருமவேண்டும்.

இதோடு இன்னொரு கவர் இருக்கிறது, அவருக்கு. ஐசக்கைப் பல்லாவரத்தில் கொடுக்கச் சொல். திட்டி எழுதவில்லை. இரண்டு வாரத்தில் எனக்குக் குணமாகிவிடும், என் டிரங்குப் பெட்டியை மாடம்பாக்கத்தில் சேர்த்துவிடுங்கள், அங்கே ஒரு அறை எடுக்கப்போகிறேன், அது ஒருத்தருக்கு மட்டுமான அறை இல்லை, வருவதானால் வரலாம், வந்தால் அத்தையிடம் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று எழுதியிருக்கிறேன். நான் போய்க் கூப்பிடமாட்டேன்.

இனிமேல் எனக்காக எதையும் பாதியில் நிறுத்தாதே. முழுசாகச் சொன்னால் நான் தாங்குவேன். பாதி சொன்னால்தான் மீதியை நானே எழுதிக்கொண்டு சாகிறேன்.

அமலா


மாடம்பாக்கம்
22.2.1988

அன்புள்ள அமலா,

முழுசாகவே சொல்கிறேன்.

ஏசுதாசன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரயில்வேயில் முப்பது வருஷம் இருந்தவர், எதையும் அவசரப்பட்டுச் சொல்லமாட்டார். வெகுநேரம் பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதாம்மா அந்தப் பொண்ணு?"

"சாப்பிடுறா சார். டெஸ்டும் சுத்தமா வந்துடுச்சு."

"அப்ப சரி. கிணத்துத் தண்ணி கொஞ்சம் உப்பு. அத மறைக்காம சொல்லிடு. அப்பறம் வந்து வருத்தப்படக் கூடாது."

உன் நோயைவிட அவருடைய கிணறு அவருக்குப் பெரிய கவலை.

அறைக்கு இரண்டு ஜன்னல். ஒன்று கிழக்கே, கோயில் கோபுரம் தெரியும். சமையலுக்கு ஒரு மறைப்பு. காற்றுக்குக் குறைவில்லை, போர்வை போதும்.

நேற்று மாலை கோயில் குளத்துப் பக்கம் வந்துகொண்டிருந்தேன். தேவானந்தம் அண்ணன் உன் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸிலேயே கொண்டுவந்திருக்கிறார். எந்தத் தெரு என்று மறந்துவிட்டதாம், யாரையாவது கேட்கக் கூச்சமாம். நானும் அவருமாக ஆளுக்கொரு பக்கம் தூக்கிவந்தோம். அறையைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். "இங்கேர்ந்து ஸ்கூலுக்கு அவ எந்த பஸ்ஸு புடிப்பா?" என்றார். சொன்னேன். "கதவுல தாழ்ப்பாள் சரியில்ல" என்றார். பிறகு தாம்பரத்துக்கு நடந்தே போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

வருவாரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. உனக்கு நல்லதாகத் தோன்றட்டும் என்று நான் எதையும் சேர்க்கவில்லை, எதையும் குறைக்கவும் இல்லை. நடந்தது இவ்வளவுதான். ஆனால் இன்று மாலை வேலை முடிந்து வந்தபோது கதவில் புதுத் தாழ்ப்பாள் இருந்தது. ஆபீசுக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தார் என்கிறார் ஏசுதாசன் சார்.

சென்ற வியாழக்கிழமைக் கதையில் பிணமே இல்லை, நகை மட்டும்தான் காணாமல் போனது. உங்கள் வார்டுக்குப் பிடித்திருக்காது. மறுபாதி தனித்தாளில் இருக்கிறது.

ஜோதி


மாடம்பாக்கம்
21.8.88

ஏ ஜோதி,

மைசூர் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி நீ எழுதியதைப் படித்தால் சானடோரியமே தேவலை போலிருக்கிறது. லைப்ரரி சயின்ஸ் படிக்கப்போனவள் ரசத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதலாமா?

இங்கே விஷயம் இதுதான். மாத்திரை ஏப்ரலோடு முடிந்தது. ஜூனில் பள்ளிக்கூடம் போனேன், மூன்றாம் வகுப்பு, அறுபது பிள்ளைகள், தொண்டை கட்டிவிட்டது. அது வெறும் தொண்டைக்கட்டுதான், டாக்டரிடம் காட்டிவிட்டேன். கங்கையம்மாளை ஜூலையில் அனுப்பிவிட்டார்கள். வண்டலூருக்குப் போகும் வழியில் இங்கே இறங்கி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனார். கிணற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் சொன்னதை ஏசுதாசன் சாரிடம் நான் சொல்லவில்லை.

நீ கேட்காமல் கேட்டதற்குப் பதில். நீ மைசூருக்குப் போன பிறகு ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் அவர் ஞாயிற்றுக்கிழமை வருவார், சாப்பிடுவார், சாயங்காலம் போய்விடுவார். நான் ஒன்றும் கேட்கவில்லை. சில ஞாயிறுகளில் அவர் போன பிறகு பாத்திரம் தேய்க்கக்கூடத் தோன்றாது. ஆனாலும் கேட்கவில்லை.

ஜூலை இரண்டாம் ஞாயிறு அத்தையிடம் சொல்லிவிட்டு வந்தார். சொன்னதும் அத்தை இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் இவருடைய துணிகளை அத்தையே மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாராம். வெள்ளிக்கிழமைகளில் பல்லாவரம் சந்தைக்குப் போகும்போது இவர் அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறார். அத்தை இன்னும் இந்த வீட்டுக்கு வரவில்லை.

இவர் இங்கேதான் இருக்கிறார்.

அமலா